ஓஎன்சி201 பற்றிக் கேட்கப் போகும்முன்

மூளைக் கட்டி என்றதும் ‘ஓஎன்சி201னு புது மருந்து இருக்காமே’ என்று ஓடாதீர்கள். முதலில் பயாப்ஸி அறிக்கையை எடுங்கள். அதில் ‘எச்3 கே27எம்’ மரபணு மாற்றம் இருக்கிறதா பாருங்கள். இந்த மருந்து அந்த வகைக் கட்டிக்குத்தான். என் தங்கை மகனுக்கு அந்தப் பரிசோதனையே செய்திருக்கவில்லை. மருத்துவமனையில் சேமித்து வைத்திருந்த பாரஃபின் பிளாக்கைக் (மெழுகில் பதித்த கட்டித் துண்டு) கேட்டு வாங்கி வேறு லேபில் கொடுத்தோம்.

இந்தக் கட்டி புதிதாகக் கண்டறியப்பட்டவர்களிடம் இந்த மருந்தைச் சோதிக்கும் மூன்றாம் கட்டச் சோதனையின் பெயர் ‘ஆக்‌ஷன்’. கதிர்வீச்சு முடிந்த பிறகுதான் சேர்ப்பார்கள். சிலருக்கு மருந்தில்லாத வெறும் கேப்சூல்தான் கிடைக்கும். கையெழுத்துப் போடும்முன் வீட்டில் எல்லோரிடமும் இதைச் சொல்லிவிடுங்கள்.

சிகிச்சைக்குப் பின்னும் வளரும் கட்டிக்கு அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2025 ஆகஸ்டில் துரித அனுமதி தந்தது. ஆய்வில் 50 பேரில் 22 சதவீதத்தினருக்குத்தான் பலன் தெரிந்தது. அப்புறம், ஈசிஜி எடுங்கள், சாப்பிடும் மற்ற மாத்திரைகளையும் டாக்டரிடம் காட்டுங்கள். இதயத் துடிப்பை இந்த மருந்து பாதிக்கக்கூடும்.