கண்டிப்பா, செல்லமா? பிள்ளை வளர்ப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பிள்ளையைக் கண்டிப்பாக வளர்ப்பதா, செல்லமாக வளர்ப்பதா என்ற கேள்வியிலேயே முதல் தவறு தொடங்கிவிடுகிறது. கண்டிப்பைக் கூட்டினால் பாசம் குறைந்துவிடும், பாசத்தைக் காட்டினால் பிள்ளை தலைக்கு மேல் ஏறிவிடும் என்று இரண்டையும் ஒரே தராசின் இரு தட்டுகளாகவே நம்மில் பலர் எண்ணுகிறோம். பெர்க்லியிலுள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் உளவியலாளர் டயானா பாம்ரிண்ட், 1960-களில் பாலர் பள்ளிக் குழந்தைகளையும் அவர்களுடைய பெற்றோரையும் ஆராய்ந்து வளர்ப்பு முறைகளை மூன்றாகப் பிரித்தார். சொன்னதைச் செய், காரணம் கேட்காதே என்பது ஒன்று. கேட்டதெல்லாம் கொடுத்து எதையும் தடுக்காமல் விடுவது இன்னொன்று. விதியை உறுதியாக வைத்து, அதன் காரணத்தையும் சொல்லி, பிள்ளையின் பேச்சுக்கும் காதுகொடுப்பது மூன்றாவது. 1983-இல் உளவியலாளர்கள் எலினார் மெக்கபியும் ஜான் மார்ட்டினும் இந்தப் பகுப்பை விரித்து, கனிவும் கண்டிப்பும் தனித்தனி அளவுகள் என்று காட்டினார்கள். இரண்டுமே இல்லாத, பிள்ளையைக் கண்டுகொள்ளாத வளர்ப்பு அப்போது நான்காவதாகச் சேர்ந்தது.

அதன் பிறகு பல நாடுகளில் நடந்த ஆய்வுகளைப் பொதுவாகப் பார்த்தால், கனிவும் கண்டிப்பும் சேர்ந்த வீட்டுப் பிள்ளைகளிடம் தன்னம்பிக்கையும் தன்னைக் கட்டுப்படுத்திக்கொள்ளும் திறனும் கூடுதலாக இருக்கின்றன. அதிகாரம் மட்டுமே உள்ள வீட்டில் பிள்ளை பணிந்து நடக்கலாம். ஆனால் தானாக முடிவெடுக்கத் தயங்கும், பயத்தில் பொய் சொல்லப் பழகும். எல்லையே இல்லாத வீட்டில் வளர்ந்த பிள்ளைக்கு ‘இல்லை’ என்ற சொல்லைத் தாங்கிக்கொள்வது கடினமாக இருக்கும். கவனிப்பாரற்று வளரும் பிள்ளைக்கே பாதிப்பு அதிகம். இவை பெருவாரியான போக்குகள்தாமே தவிர எந்தப் பிள்ளையின் தலையெழுத்தும் இல்லை. அடம்பிடிக்கும் சுபாவமுள்ள குழந்தை அமைதியான பெற்றோரையும் அதட்ட வைக்கிறது என்பதால், பிள்ளையின் இயல்பும் வளர்ப்பு முறையை மாற்றுகிறது என்பதை மறக்கக் கூடாது.

அடுத்த தவறு, அடியைக் கண்டிப்பு என்று நினைப்பது. ‘அடியாத மாடு படியாது’ என்று சொல்லியே தலைமுறைகள் வளர்ந்துவிட்டன. 2016-இல் ஆய்வாளர்கள் எலிசபெத் கெர்ஷாஃபும் ஆண்ட்ரூ குரோகன்-கேலரும் 1,60,000-க்கும் மேற்பட்ட குழந்தைகளைப் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, கையால் அடிப்பது பிள்ளையின் நடத்தை மேம்படுவதோடு தொடர்புடையதாகத் தெரியவில்லை. மூர்க்கத்தோடும் மனநலச் சிக்கல்களோடும்தான் அதற்குத் தொடர்பு இருந்தது. இந்தியாவில் 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், 17-ஆம் பிரிவில், பள்ளியில் உடல் தண்டனையையும் மன உளைச்சல் தருவதையும் தடை செய்கிறது. ஆசிரியர் கைவைத்தால் கொதித்தெழும் பெற்றோர், அதே அடியை வீட்டில் தாங்கள் கொடுக்கும்போது மட்டும் அது பாசத்தின் பெயரால் நியாயமாகிவிடுவதாகக் கருதுவதை என்னால் ஏற்க முடியவில்லை. தங்கையை அடித்த அண்ணனை, ‘இனிமேல் அடிப்பாயா?’ என்று கேட்டுக்கொண்டே அடிக்கும்போது, கோபம் வந்தால் வலியவர் எளியவரை அடிக்கலாம் என்பதைத்தான் அவன் கற்றுக்கொள்கிறான்.

நம் வீடுகளில் மிகப் பரவலாக இருப்பதும் மிகக் குறைவாகப் பேசப்படுவதும், கண்டிப்பை அப்பாவுக்கும் கனிவை அம்மாவுக்கும் பங்கிட்டுக் கொடுப்பதுதான். பகல் முழுவதும் ‘இரு, அப்பா வரட்டும்’ என்ற மிரட்டல் நடக்கிறது. இரவு அவர் வந்து, என்ன நடந்தது என்று முழுதாகக் கேட்காமலே இரண்டு அதட்டு அதட்டுகிறார். பிறகு அம்மாவோ பாட்டியோ சமையலறைக்குள் அழைத்துப்போய்க் கண்ணைத் துடைத்து, ‘அப்பாகிட்ட சொல்லாதே’ என்று கையில் ஒரு மிட்டாயைத் திணிக்கிறார்கள். கனிவும் கண்டிப்பும் அந்த வீட்டில் இருக்கத்தான் செய்கின்றன; ஆனால் இரண்டும் ஒரே ஆளிடமிருந்து வரவில்லை. யாரிடம் எதைக் கேட்டால் கிடைக்கும், யாரிடம் எதை மறைக்க வேண்டும் என்ற கணக்கை அந்தப் பிள்ளை ஐந்து வயதுக்குள் தேறிவிடுகிறது. அப்பாவுக்கோ பயம் கலந்த மரியாதை மட்டுமே மிஞ்சுகிறது. பெரியவர்கள் தங்களுக்குள் இருக்கும் கருத்து வேறுபாட்டைப் பிள்ளை இல்லாத நேரத்தில் பேசி, நான்கைந்து விதிகளிலாவது ஒன்றுபட வேண்டும். படுக்கப்போகும் நேரம், கைபேசி பார்க்கும் நேரம், கெட்ட வார்த்தை, கை நீட்டுவது: இவற்றில் பாட்டி வீட்டிலும் ஒரே விதி இருந்தால் போதும், மற்றவற்றில் பாட்டி செல்லம் கொடுத்துவிட்டுப் போகட்டும்.

மதிப்பெண் விஷயத்தில் வளர்ப்பு முறையின் முகம் அப்படியே வெளிப்படும். மதிப்பெண் அட்டையில் கையெழுத்து வாங்க வரும் பிள்ளையிடம், கணக்கில் 62 என்பதைப் பார்த்தவுடன், ‘பக்கத்து வீட்டுப் பையன் எவ்வளவு?’ என்று கேட்பது எந்தப் பாடத்தையும் அவளுக்கு எளிதாக்குவதில்லை. விடைத்தாளை வாங்கி, எந்தக் கணக்கில் எந்த வரியில் தவறு நேர்ந்தது என்று பத்து நிமிடம் அவளோடு உட்கார்ந்து பார்ப்பதே உண்மையான கண்டிப்பு. அதில் எதிர்பார்ப்பும் இருக்கிறது, துணையும் இருக்கிறது. பாராட்டிலும் இதே கவனம் வேண்டும். 1998-இல் உளவியலாளர்கள் கிளாடியா மியூலரும் கேரல் டுவெக்கும் வெளியிட்ட ஆய்வில், ‘நீ புத்திசாலி’ என்று பாராட்டப்பட்ட குழந்தைகள் அடுத்து வந்த கடினமான புதிர்களில் தோற்றபோது எளிதில் சோர்ந்தார்கள். முயற்சிக்காகப் பாராட்டப்பட்டவர்கள் விடாமல் முயன்றார்கள்.

கோபத்தில் நாள்கணக்காகப் பேசாமல் இருப்பதும் ஒரு தண்டனைதான், அதுவும் கடுமையான தண்டனை. அடிக்கவில்லையே என்று பெற்றோர் நிம்மதி கொள்ளலாம். ஆனால் தன் செயல் தவறா, தானே வேண்டாதவனா என்று சிறு பிள்ளைக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியாது. சோறு ஊட்டக் கைபேசியைக் காட்டிப் பழக்கிவிட்டு, மூன்று வயதில் அதைப் பிடுங்கி அடிப்பதும் இந்த வகையே. விதியை வைக்க வேண்டிய நேரத்தில் வைக்காமல், அதை மீறியதாகப் பிள்ளையைத் தண்டிக்கிறோம்.

‘தோளுக்கு மேல் வளர்ந்தால் தோழன்’ என்று வாயளவில் சொல்லும் வீடுகளிலும், எட்டு வயதுக்கு வைத்த விதியே பதினைந்திலும் தொடர்கிறது. பதின்பருவத்தில் முடிவெடுக்கும் உரிமையைப் படிப்படியாகக் கொடுக்க வேண்டும்: பதினொன்றாம் வகுப்பில் எந்தப் பாடப்பிரிவு, எந்த நண்பர்கள், எத்தனை மணிக்கு வீடு திரும்புவது என்பவற்றில் பிள்ளையின் சொல்லுக்கும் எடை இருக்க வேண்டும். நேரத்தை இருவருமாகப் பேசி ஏழரை என்று முடிவு செய்திருந்தால், எட்டரைக்கு வரும் மகளிடம் வாசலில் நின்று கத்த வேண்டியதில்லை. சாப்பிட்டு முடித்தபின் தாமதத்துக்குக் காரணம் கேட்டு, பேசிக்கொண்டபடி அடுத்த வாரம் வெளியே போவது இல்லை என்று குரல் உயராமல் சொல்லி, அதைச் சொன்னபடியே நடத்தினால் போதும்.