தண்டம் கட்டியாச்சு, வழக்கு முடிந்ததா? அம்புலன்ஸ் வேலை தேடி இங்கிலாந்து வரும் மலையகப் பிள்ளைகளுக்கு

இங்கிலாந்துக்கு வந்து இறங்கியதும் அம்புலன்ஸ் வேலை பற்றி விசாரிக்கும் நம் மலையகப் பிள்ளைகள் இப்போது அதிகம். ஏன் என்று கேட்கவே தேவையில்லை. பிரசவ வலி வந்தவளைக் கொழுந்து லொறியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்கு அனுப்பியதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். 1990 சுவசெரிய என்ற இலவச அம்புலன்ஸ் சேவை 2016இல் தொடங்கியபோதுகூட முதலில் மேல், தென் மாகாணங்களுக்குத்தான் ஓடியது, மலைக்கு ஏறிவரப் பிறகும் காலம் எடுத்தது. நான் இங்கிலாந்தில் பல வருடமாக அம்புலன்ஸ் வேலையில் இருக்கிறவன். லீவில் வந்து டிக்கோயாவில் அக்கா வீட்டில் இருந்து இதை எழுதுகிறேன். அக்கா மகனுக்கு அங்கே கிடைத்த அம்புலன்ஸ் வேலை கைவிட்டுப் போனதைப் பற்றி ஹட்டன் டவுனில் ஆளுக்கொரு கதை ஓடுகிறது. அதில் பாதி பொய் என்பதால்தான் எழுதவே உட்கார்ந்தேன்.

வேலையின் படிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், விவரம் இணையத்தில் கிடக்கிறது. கீழ்ப்படி, நடக்க முடியாத நோயாளிகளை கிளினிக்குக்கு ஏற்றி இறக்கும் வேலை. அடுத்தது, 999 அழைப்புக்குப் போகும் வண்டியில் உதவியாளர். அதற்கும் மேலே பரமெடிக். சுகாதாரத் தொழில் செய்பவர்களைப் பதியும் எச்.சி.பி.சி. என்ற சபையில் பதியாமல் அந்தப் பெயரையே போட்டுக்கொள்ள முடியாது. 2021 செப்டெம்பரிலிருந்து பதிவுக்குப் பட்டப்படிப்புத் தரம் வேண்டும். வேலை செய்துகொண்டே படிக்கிற வழியும் இருக்கிறது. எந்தப் படியானாலும் டி.பி.எஸ். என்கிற குற்றப்பதிவுச் சோதனை உண்டு. நோயாளியோடு இருக்கும் வேலை என்பதால் பொதுவாக அதில் விரிவான வகையைத்தான் கேட்பார்கள்.

இந்தச் சோதனையில்தான் நம் ஆட்கள் மாட்டுகிற பொறி இருக்கிறது.

2018 கடைசியில் தோட்டத் தொழிலாளருக்கு ஆயிரம் ரூபா நாட்சம்பளம் கேட்டு நடந்த வேலைநிறுத்தம் யாருக்கும் மறந்திருக்காது. அக்கா மகனுக்கு அப்போது பத்தொன்பது வயது. ரோட்டை மறித்தவர்களைப் பொலிஸ் கலைத்தபோது ஒரு அம்மாவுக்கு மண்டை உடைந்தது. இவன் தன் சட்டையைக் கழற்றி அவளுக்குக் கட்டுப் போட்டுக்கொண்டிருந்த இடத்திலேயே பிடிபட்டான். சட்டவிரோதமாகக் கூடினான் என்று வழக்கு. சட்டத்தரணி சொன்னது நம் ஊரில் எல்லாரும் கேட்டுப் பழகிய வார்த்தைதான்: "குற்றத்தை ஒத்துக்கிட்டுத் தண்டத்தைக் கட்டிட்டு வீட்டுக்குப் போ தம்பி, இழுத்தடிச்சா பஸ் காசுதான் வீண்." 2019இல் கட்டினான். முடிந்தது என்று நினைத்தான், அக்காவும் நினைத்தாள், தோட்டமே அப்படித்தான் நினைத்தது.

கசிப்பு வழக்கு, விறகு வெட்டிய வழக்கு, திருவிழாச் சண்டை எல்லாவற்றையும் நாம் இப்படித்தான் தீர்க்கிறோம். தண்டம் கட்டினால் அது ஏதோ பஸ் டிக்கட் மாதிரி, இறங்கியதும் கசக்கி எறிந்துவிடலாம் என்று ஒரு நினைப்பு. குற்றத்தை ஒத்துக்கொண்டு நீதவான் தண்டம் போட்டால் நீங்கள் குற்றவாளியாகத் தீர்க்கப்பட்டவர். ஜெயிலுக்குப் போகவில்லை என்பதால் அது மாறாது. இதை அவனுக்கு அன்று யாரும் சொல்லவில்லை. அந்தச் சட்டத்தரணி மேல் எனக்கு இன்னும் ஆறவில்லை.

பிறகு தாதியாக வேலை கிடைத்த மனைவியோடு இங்கிலாந்து வந்தான். நோயாளிகளை ஏற்றும் வேலைக்கு விண்ணப்பித்தான். படிவத்தில் பழைய தண்டனை உண்டா என்ற கேள்வி. கூட இருந்த ஒரு பொடியன், "ஒரு வருசம் தாண்டினா அது செல்லாது, இல்லைன்னே போடு" என்றிருக்கிறான். குற்றப்பதிவு உண்டா என்று இலங்கைப் பொலிஸ் தரும் ரிப்போர்ட்டும் சுத்தமாகத்தான் வந்திருந்தது. "இல்லை" என்று போட்டான். நேர்முகத்தில், நெருக்கடியில் பதறாமல் நின்ற ஒரு சந்தர்ப்பத்தைச் சொல்லச் சொன்னார்கள். அவன் எதைச் சொல்வான்? மண்டை உடைந்த அம்மாவின் கதையைச் சொன்னான், பிடிபட்டதையும் தண்டம் கட்டியதையும் சேர்த்து, பெருமையோடு. கேட்டவர்களுக்குப் பிடித்துப்போய் வேலையும் தருவதாகச் சொன்னார்கள். அப்புறம் யாரோ படிவத்தைப் புரட்டிப் பார்த்திருக்கிறார்கள். வேலை போனது. வழக்கால் போகவில்லை, "இல்லை" என்று எழுதியதால் போனது என்று கடிதத்திலேயே தெளிவாக இருந்தது.

அந்தப் பொடியன் சொன்னதில் கால்வாசி உண்மை உண்டு, அதுதான் ஆபத்து. இங்கிலாந்தின் 1974ஆம் ஆண்டுக் குற்றவாளிகள் மறுவாழ்வுச் சட்டப்படி வயது வந்தவருக்குப் போட்ட தண்டப்பணம் ஒரு வருடத்தில் காலாவதியாகும். கடையில் வேலை கேட்டால் பெரும்பாலும் சொல்லத் தேவையில்லை. ஆனால் 1975இல் வந்த விதிவிலக்குக் கட்டளை மருத்துவம் போன்ற வேலைகளைத் தனியாகப் பிரித்து வைத்திருக்கிறது. அங்கே வேறு கணக்கு: சிறைத் தண்டனை இல்லாத வழக்காகவும், பாரதூரமான குற்றங்களின் பட்டியலில் இல்லாததாகவும் இருந்தால், வயது வந்தவருக்குப் 11 வருடம் போக வேண்டும். பதினெட்டு வயதுக்கு முன் நடந்ததென்றால் ஐந்தரை வருடம். ஒத்திவைத்த சிறைத் தண்டனையும் சிறைத் தண்டனைதான். பட்டியலில் உள்ள குற்றமென்றால், உதாரணமாகப் போதைத்தூள் விற்றது, எத்தனை வருடம் போனாலும் மறையாது. 2019இல் கட்டிய தண்டத்தை 2030 வரை சொல்லியே ஆக வேண்டும். இலங்கை நீதிமன்றம்தானே என்று தப்ப முடியாது, வெளிநாட்டுத் தீர்ப்பும் இந்தச் சட்டத்துக்குள் வரும்.

விசாப் படிவம் இதைவிடக் கடுமை. எந்த நாட்டில் நடந்தாலும், எவ்வளவு பழையதானாலும், வாகனக் குற்றம் உட்பட எழுதச் சொல்லும். பொய் எழுதினால் 10 வருடம் வரை விசா மறுக்கலாம். ஏற்கெனவே "இல்லை" என்று போட்டவர்கள் விசா புதுப்பிக்கும் முன் பதிவுபெற்ற குடிவரவுச் சட்டத்தரணியிடம் போங்கள். ஹட்டனில் ரிப்போர்ட்டைக் கிளீன் பண்ணித் தருகிறேன் என்று காசு கேட்பவனிடம் போகாதீர்கள். பொலிஸ் ரிப்போர்ட் சுத்தமாக வந்ததே என்பது ஒரு பதிலே இல்லை. நம் ஆட்களின் பெயர் பிறப்புச் சான்றிதழில் ஒரு விதம், அடையாள அட்டையில் ஒரு விதம், சிங்களத்தில் எழுதிய வழக்கேட்டில் இன்னொரு விதம். ரிப்போர்ட்டில் வரவில்லை என்றால் நடக்கவில்லை என்று அர்த்தமா?

சரி, செய்ய வேண்டியது என்ன? ஊரில் இருக்கும்போதே நீதிமன்றப் பதிவாளரிடம் வழக்கு இலக்கத்தோடு தீர்ப்பின் சான்றுப்படுத்திய பிரதி எடுங்கள். அங்கிருந்து போன் போட்டு அக்காவை அலைய விடாதீர்கள், போன வாரம் நானே போய் நின்றேன், எந்த லட்சணத்தில் பதில் வரும் என்று தெரியும். சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் ஆங்கிலத்தில் எழுதி வாங்குங்கள். என்ன நடந்தது, அப்போது என்ன வயது, அதற்குப் பிறகு என்ன செய்தீர்கள் என்று ஒரு பக்கத்துக்குள் கடிதம் வைத்துக்கொள்ளுங்கள். "பொய் வழக்கு" என்று மட்டும் எழுதி நிறுத்தினால் அங்கே எடுபடாது. பழைய வழக்கு இருக்கிறது என்பதற்காகவே எச்.சி.பி.சி. கதவைச் சாத்துவதில்லை. எவ்வளவு பாரதூரம், எத்தனை காலமாயிற்று, நீங்களே சொன்னீர்களா என்பதையெல்லாம் பார்த்து முடிவெடுக்கும். எதைச் சொல்ல வேண்டும் என்று குழப்பமானால் நாக்ரோ, அன்லொக் என்ற இரண்டு தொண்டு அமைப்புகள் இலவசமாக ஆலோசனை சொல்கின்றன. தப்பாக நினைக்க மாட்டார்கள், நம் தமிழாக்கள் யார் காதுக்கும் விஷயம் போகாது.

வழக்கு இன்னும் நடக்கிறதென்றால், அவசரப்பட்டு ஒத்துக்கொள்ளும் முன் சட்டத்தரணியிடம் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 306ஆம் பிரிவு பற்றிக் கேளுங்கள். குற்றவாளி என்று தீர்க்காமலே எச்சரித்தோ நிபந்தனையோடோ விடுவிக்க நீதவானுக்கு அதில் இடமுண்டு. வெளிநாட்டுப் படிவத்தில் அதையும் விளக்கத்தான் வேண்டியிருக்கும், ஆனாலும் தண்டம் கட்டியதைவிட ஆயிரம் மடங்கு நல்லது.

சாரதிப் பத்திரம் பற்றியும் ஒரு வார்த்தை. இலங்கை லைசனில் அங்கே 12 மாதம் ஓட்டலாம், அதை அப்படியே மாற்றித் தர மாட்டார்கள், திரும்பப் பரீட்சை எழுத வேண்டும். பல அம்புலன்ஸுகளுக்கு, பாரமான வண்டி ஓட்டுவதற்கான சி1 வகையும் வேண்டும். புது லைசன் எடுத்த முதல் இரண்டு வருடத்தில் வாகனக் குற்றத்துக்காக ஆறு தண்டப் புள்ளி விழுந்தால் லைசனே ரத்து. டிக்கோயா வளைவுகளில் லொறி ஓட்டிய கை என்று அங்கே வேகம் காட்டாதீர்கள், கமெராவுக்கு அந்தப் பெருமை தெரியாது.