மலிவு ரைஃபிளா, பெயர்பெற்ற மாடலா? வாங்குமுன் ஒப்பிட்டுப் பார்க்கும் முறை

வேட்டைக்கு முதல் போல்ட் ஆக்‌ஷன் ரைஃபிள் (பின்புறக் கைப்பிடியை இழுத்துத் தள்ளித் தோட்டா ஏற்றும் வகை) வாங்குபவர்கள் பெரும்பாலும் "எது குறி தவறாமல் சுடும்?" என்றுதான் கேட்கிறார்கள். அந்தக் கேள்வியில் இன்று பெரிய வித்தியாசம் கிடைக்காது. ரூகர் அமெரிக்கன், சாவேஜ் ஆக்சிஸ் போன்ற மலிவு மாடல்களும் நன்றாகவே சுடுகின்றன. குழலை ஒரு நட் போட்டு இறுக்கும் முறை அதற்கு ஒரு காரணம். தோட்டா உட்காரும் அளவை அதை வைத்தே துல்லியமாகச் சரிசெய்துவிடலாம், அனுபவசாலி ஒருவர் உட்கார்ந்து ராவ வேண்டியதில்லை. சாவேஜ் 110 இதை 1958-லேயே கொண்டுவந்தது. பெயர்பெற்ற மாடலுக்குக் கொடுக்கும் கூடுதல் காசு எங்கே போகிறது என்பதைக் கையில் எடுத்துப் பார்த்தால்தான் தெரியும்.

படி 1: காலியா என்று பாருங்கள்

கடைக்காரர் "காலிதான்" என்று சொன்னாலும் போல்ட்டைத் திறந்து, தோட்டா அறையைக் கண்ணாலும் விரலாலும் பாருங்கள். தோட்டாக்கள் இருக்கும் பெட்டியான மேகசினையும் கழற்றுங்கள். குழல் முனை எப்போதும் ஆளில்லாத பக்கம் இருக்கட்டும். ஒப்பிடும் இரண்டும் ஒரே தோட்டா அளவாக இருக்க வேண்டும், உதாரணமாக இரண்டுமே .308.

படி 2: போல்ட்

முதலில் மெதுவாக, அப்புறம் தோளில் வைத்தபடியே வேகமாக இழுத்துத் தள்ளுங்கள். பக்கவாட்டில் லேசாக அழுத்திக்கொண்டே தள்ளும்போது சிக்குகிறதா? மலிவு ரைஃபிள்களில் பெரும்பாலும் இங்கேதான் சொரசொரப்பு தெரியும். பெயர்பெற்ற பழைய மாடல்களான ரெமிங்டன் 700 (1962-ல் வந்தது), வின்செஸ்டர் மாடல் 70 (1936-ல் வந்தது) இரண்டிலும் போல்ட்டைப் பூட்டிப் பிடிக்கும் பற்கள் இரண்டு, கைப்பிடியை 90 டிகிரி தூக்க வேண்டும். ரூகர் அமெரிக்கனில் மூன்று பற்கள், 70 டிகிரி போதும். மேலே பொருத்தும் குறிபார்க்கும் தொலைநோக்கியான ஸ்கோப்பில் கை இடிக்காது, ஆனால் தூக்கும்போது கொஞ்சம் கனமாக இருக்கும். எது நல்லது என்று உங்கள் மணிக்கட்டுதான் சொல்ல வேண்டும்.

படி 3: கட்டை

கட்டை என்பது குழலைத் தாங்கும், தோளில் வைக்கும் பகுதி. அதிக நேரம் இங்கே செலவழியுங்கள். குழலுக்கும் கட்டைக்கும் நடுவே ஒரு காகிதத் துண்டைச் செருகி, பின்பக்கம் வரை இழுத்துப் பாருங்கள். தடையில்லாமல் போனால் நல்லது. அடுத்து, கட்டையின் முன்பகுதியைக் குழலோடு சேர்த்துப் பிடித்து அமுக்குங்கள். மெல்லிய பிளாஸ்டிக் கட்டை வளைந்து குழலைத் தொட்டுவிடும். மரத்தில் சாய்த்தோ பைபாட் (இரண்டு கால் தாங்கி) வைத்தோ சுடும்போதும் இதேதான் நடக்கும், குண்டு விழும் இடம் நகரும். அப்புறம் ஸ்கோப்பைத் திருகித் திருகி மண்டை காய்வதில் பயனில்லை. நானும் அப்படி ஒரு பெட்டி தோட்டாவை வீணடித்திருக்கிறேன்.

படி 4: டிரிகரும் சேஃப்டியும்

அனுமதி கேட்டுவிட்டு, தோட்டா இல்லாமல் வெறுமனே சுட்டுப் பாருங்கள். டிரிகரில் மலிவு மாடல்கள் நன்றாகவே முன்னேறிவிட்டன, இழுப்பைக் கூட்டிக் குறைக்கும் வசதி பலவற்றில் உண்டு. தவறிச் சுடாமல் தடுக்கும் பூட்டான சேஃப்டியில் மாடல் 70-க்கு ஒரு படி கூடுதல் மதிப்பெண் தருவேன்: அதன் நடு நிலையில் சுடும் ஊசி பூட்டியிருக்கும்போதே போல்ட்டைத் திறந்து தோட்டாவை எடுத்துவிடலாம்.

மேகசினைப் பத்து முறை கழற்றி மாட்டுங்கள். பிளாஸ்டிக் கொக்கி தளர்வாக இருந்தால் காட்டில் விழுந்து தொலையும். வேறு விளக்கம் தேவையில்லை.

படி 5: சுட்டுப் பாருங்கள்

வாய்ப்புக் கிடைத்தால் இரண்டிலும் ஒரே தோட்டா, ஒரே தூரம். குண்டுகள் எவ்வளவு சிதறுகின்றன என்பதை எம்ஓஏ என்ற கோண அளவில் சொல்வார்கள்; 100 கஜத்தில் 1 எம்ஓஏ என்பது சுமார் 1.05 அங்குலம். மூன்று குண்டு ஒன்றாக விழுந்ததைப் படம் எடுத்துக் கொண்டாடாதீர்கள், அதிர்ஷ்டத்திலும் அப்படி விழும். குறைந்தது பத்து குண்டாவது சுடுங்கள், நடுவே குழலை ஆறவிடுங்கள். குளிர்ந்த குழலின் முதல் குண்டு எங்கே விழுகிறது என்பதைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். வேட்டையில் பெரும்பாலும் அந்த ஒன்றுதான் கிடைக்கும்.

படி 6: கணக்கு

மலிவு ரைஃபிளை வாங்கி மிச்சக் காசில் நல்ல ஸ்கோப் போடுவது என் கணக்கில் சரியான முடிவு. ஆனால் "கட்டையை மாற்றிக்கொள்ளலாம், டிரிகரை மாற்றிக்கொள்ளலாம்" என்று இப்போதே மனம் ஓடுகிறதா? அந்தச் செலவையும் கூட்டிப் பாருங்கள். ரெமிங்டன் 700-க்கு உதிரிபாகம் செய்பவர்கள் ஏராளம், மலிவு மாடல்களுக்கு அவ்வளவு கிடைக்காது. கூட்டுத்தொகை பழைய மாடலின் விலையைத் தொட்டால் நேராக அதையே வாங்கிவிடுங்கள்.