ஆஸ்திரேலிய முதியோர் இல்லங்கள் அரசு நிதியைக் கோட்டை விடுவது எங்கே?

ஆஸ்திரேலியாவில் முதியோர் இல்லங்களுக்கு அரசு தரும் பராமரிப்பு நிதி 2022 அக்டோபர் 1 முதல் ‘ஆன்-ஆக்’ (AN-ACC) என்ற முறையில் கணக்கிடப்படுகிறது. முன்பிருந்த ‘ஆக்ஃபி’ (ACFI) முறையில் இல்லமே தன்னிடம் இருப்பவர்களை மதிப்பிட்டுப் படிவம் நிரப்பியது. இப்போது அரசு அனுப்பும் மதிப்பீட்டாளர் நேரில் வந்து பார்க்கிறார். நிரந்தரமாகத் தங்குபவர் ஒவ்வொருவரும் பராமரிப்புத் தேவையைப் பொறுத்து 13 வகுப்புகளில் ஒன்றில் சேர்க்கப்படுகிறார்; நிதி அந்த வகுப்பைப் பொறுத்தது. முறை மாறியும் பல இல்லங்களில் பழைய பழக்கம் போகவில்லை; அதனால் கிடைக்க வேண்டிய நிதியை இழக்கிறார்கள்.

இருப்பதிலேயே பெரிய இழப்பு தாமதத்தால் வருவது. உள்ளே வரும்போது ஒரு பெரியவர் தானாகவே நடந்தார் என்று வையுங்கள். விழுந்து இடுப்பெலும்பு முறிந்து, அறுவை சிகிச்சை முடிந்து திரும்பிய பிறகு இரண்டு பேர் தாங்கினால்தான் கட்டிலை விட்டு எழுகிறார். அப்போதே மறுமதிப்பீடு கேட்டுவிட வேண்டும். மொத்தம் 5 நாள் மருத்துவமனையில் இருந்ததோ, முழு மயக்கம் கொடுத்த சிகிச்சையோடு 2 நாள் இருந்ததோ ஏற்கப்படும் காரணங்கள். புதிய வகுப்புக்கான பணம் விண்ணப்பித்த நாளிலிருந்துதான் கணக்கு, உடல்நிலை மாறிய நாளிலிருந்து அல்ல. மூன்று மாதம் கழித்து விண்ணப்பித்தால் அந்த மூன்று மாதக் கூடுதல் வேலைக்குப் பணம் கிடையாது. வேலையை மட்டும் ஊழியர்கள் செய்து முடித்திருப்பார்கள். மருத்துவமனையிலிருந்து யார் திரும்பினார், யார் விழுந்தார், யாருக்கு நடை குறைந்தது என்று வாராவாரம் பார்க்கும் பொறுப்பை ஒருவரிடம் ஒப்படையுங்கள்.

அடுத்தது மதிப்பீட்டு நாள். அன்று தற்காலிகப் பணிக்கு ஏஜென்சியிலிருந்து வந்த, அந்த முதியவரை அறியாத ஒருவரை மதிப்பீட்டாளரோடு அனுப்பிவிடுகிறார்கள். மானமுள்ள பெரியவர் “நானே குளிச்சுக்குவேன்” என்பார். தினமும் குளிப்பாட்டும் ஊழியர் அருகில் இருந்தால்தான் உண்மை தெரியும். இரவில் கதவைத் தட்டிக்கொண்டு அலைகிறவரைப் பற்றி இரவுப் பணியாளர் குறிப்பில் எழுதவே இல்லையென்றால், பகலில் வருகிறவர் அமைதியான ஒருவரைத்தான் பார்ப்பார். மறதி நோயில், பிற்பாடு கற்ற ஆங்கிலம் முதலில் நழுவிவிடுவது உண்டு. சிட்னியிலும் மெல்பர்னிலும் உள்ள தமிழ் முதியவர்களுக்கும் இது பொருந்தும். குடும்பத்தினரையோ மொழிபெயர்ப்பாளரையோ முன்கூட்டியே ஏற்பாடு செய்யுங்கள். இதற்காக எதையும் மிகைப்படுத்த வேண்டாம். இருப்பதை மறைக்காமல் காட்டினால் போதும்.

13 வகுப்புகளில் முதலாவதைப் பற்றி ஒரு குழப்பம் நீடிக்கிறது. இறுதிக்காலப் பராமரிப்புக்கென்றே புதிதாக வந்து சேர்பவர்களுக்கு மட்டுமே அது. ஆயுள் மூன்று மாதத்துக்குள் என்று, இல்லத்தைச் சாராத மருத்துவரோ நர்ஸ் பிராக்டிஷனரோ (உயர்தகுதி பெற்ற செவிலியர்) படிவத்தில் சான்று தர வேண்டும். ஏற்கெனவே தங்கியிருப்பவர் அந்த நிலைக்கு வந்தால் வழி மறுமதிப்பீடுதான்.

ஆக்சிஜன், குழாய்வழி உணவு ஆகியவற்றுக்கான துணைத்தொகைகளுக்குத் தனியே விண்ணப்பிக்க வேண்டும். இது சின்ன வேலை, ஆனாலும் அடிக்கடி விட்டுப்போகிறது.

எனக்கு மிகவும் வருத்தம் தருவது வேறொன்று. ஒருவர் தேறிவிட்டால் நிதி குறையும் என்று பயந்து பிசியோதெரபியில் அக்கறை காட்டாமல் விடுவது. இந்தப் பயத்துக்கு ஆன்-ஆக் முறையில் இடமே இல்லை. தேறினார் என்பதற்காக இல்லம் மறுமதிப்பீடு கேட்க வேண்டிய கட்டாயம் கிடையாது, வகுப்பும் தானாகக் குறையாது. ஒருவரை மறுபடி நடக்க வைப்பதால் இல்லத்துக்கு நிதி இழப்பு இல்லை என்பது ஒவ்வொரு மேலாளருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

அப்புறம், வகுப்பு உயர்ந்ததும் வரும் கூடுதல் பணத்தை லாபமாக எண்ணிச் செலவுத்திட்டம் போடுகிறார்கள். 2024 அக்டோபர் 1 முதல் முதியோர் இல்லத் துறைக்கான சராசரி இலக்கு ஒருவருக்கு நாளொன்றுக்கு 215 நிமிடப் பராமரிப்பு. அதில் 44 நிமிடம் ரிஜிஸ்டர்ட் நர்ஸ் தர வேண்டும். ஒவ்வோர் இல்லத்தின் இலக்கும் அங்கே தங்கியிருப்பவர்களின் வகுப்புகளைப் பொறுத்தது. வகுப்புகள் உயர்ந்தால் இலக்கும் பின்னாலேயே ஏறும். 2026 ஏப்ரலிலிருந்து பெருநகர இல்லங்கள் இலக்கை எட்டாவிட்டால் நிதியில் ஒரு பகுதியை இழக்கும். ஆகவே புதிய வகுப்பு உறுதியான அன்றே கணக்காளருக்குச் சொல்வதோடு, பணிநேர அட்டவணை (ரோஸ்டர்) போடுபவரிடமும் சொல்லிவிடுங்கள்.