கார் சாட்டிலைட் ரேடியோ விட்டு விட்டுக் கேட்கிறதா? பட்டறைக்குப் போகும் முன் இதைப் பாருங்கள்

அமெரிக்காவிலோ கனடாவிலோ கார் ஓட்டுபவர்களுக்காக இதை எழுதுகிறேன். நெடுந்தூரப் பயணத்தில் எஃப்.எம். எல்லாம் ஒவ்வொன்றாகக் கைவிட்ட பிறகு துணைக்கு இருப்பது சந்தா கட்டிக் கேட்கும் சாட்டிலைட் ரேடியோவான சிரியஸ்எக்ஸ்எம்தான். அதுவும் பாதியில் அறுந்துபோனால் உடனே 'ரேடியோ போச்சு' என்று முடிவு கட்டிவிடுகிறோம். ரேடியோ பெட்டியே கெட்டுப்போவது அரிது. பெரும்பாலும் கோளாறு வானம் மறைவதில் இருக்கும், இல்லாவிட்டால் சந்தாவில், அதுவும் இல்லையென்றால் ஆன்டெனாவிலும் அதன் வயரிலும். இந்த வரிசையில் பார்த்தால் முதல் இரண்டுக்கும் காசே செலவில்லை.

முதல் வேலை, காரை வெட்டவெளிக்குக் கொண்டுபோவது. கடைகளின் பெரிய பார்க்கிங் போதும். தெற்கு வானம் மறைவில்லாமல் தெரிய வேண்டும். ஒளிபரப்பும் செயற்கைக்கோள்கள் நிலநடுக்கோட்டுக்கு மேலே, 35,786 கிலோமீட்டர் உயரத்தில் நிற்கின்றன. இங்கிருந்து பார்த்தால் அது தெற்குத் திசை. தெற்கே ஒரு மாடிக் கட்டடமோ அடர்ந்த மரமோ நின்றால் சிக்னல் மறையும். வடக்கே மலையே நின்றாலும் கவலையில்லை. பாலத்துக்கு அடியில் கடக்கும்போது பாட்டு நிற்காததற்குக் காரணம், ஒரே நிகழ்ச்சி சில நொடி இடைவெளியில் இரண்டு முறை வருவதுதான். ஒன்றைத் தவறவிட்டால் மற்றொன்றை ரேடியோ பிடித்துக்கொள்ளும். நீளமான சுரங்கப்பாதையில் இரண்டுமே தவறிவிடும். அது கோளாறு அல்ல.

அப்படியே கூரையையும் ஒரு பார்வை பாருங்கள். ஆன்டெனா மீது பனி உறைந்திருக்கிறதா? சாமான் பெட்டியோ சைக்கிளோ அதை மறைக்கிறதா? அகற்றிவிட்டு ஐந்து பத்து நிமிடம் ரேடியோவை ஓட விடுங்கள்.

வெட்டவெளியிலும் சரியாகவில்லையா? இப்போது 1ஆம் சேனலுக்குப் போங்கள். சந்தா இல்லாத ரேடியோவிலும் கேட்கும் முன்னோட்டச் சேனல் அது. அது பாடி, மற்றவை பாடாவிட்டால் சிக்னல் நன்றாகத்தான் இருக்கிறது, சந்தாவில்தான் சிக்கல். 0ஆம் சேனலுக்குப் போனால் உங்கள் ரேடியோவின் அடையாள எண் திரையில் வரும். சில கார்களில் அமைப்புகள் பகுதிக்குள் இருக்கும். அதைக் குறித்துக்கொண்டு, நிறுவனத்தின் தளத்தில் 'ரெஃப்ரெஷ் சிக்னல்' கேளுங்கள், அதாவது சந்தாவை ரேடியோவில் மீண்டும் திறந்துவிடும் கட்டளை. இங்கேதான் பலர் தவறுகிறார்கள். வீட்டுக் கராஜுக்குள் காரை நிறுத்தி, வண்டியையும் அணைத்துவிட்டுக் கேட்கிறார்கள். அந்தக் கட்டளையும் செயற்கைக்கோள் வழியாகத்தான் இறங்கி வர வேண்டும். கார் வெளியே, ரேடியோ ஓடிக்கொண்டு இருக்க வேண்டும்.

அடுத்தது ஆன்டெனா. திரையில் வரும் சொல்லைக் கவனியுங்கள். 'நோ சிக்னல்' என்றால் ஆன்டெனா இருப்பது ரேடியோவுக்குத் தெரிகிறது, ஆனால் அலை போதவில்லை. 'செக் ஆன்டெனா' என்றால் வயர் கழன்றிருக்கலாம், அறுந்திருக்கலாம், ஷார்ட் ஆகியிருக்கலாம்.

இதில் ஏமாற்றும் அறிகுறி ஒன்று உண்டு. எங்கள் காரில் அப்படித்தான் நடந்தது. டெட்ராய்ட்டுக்குள் எவ்வளவு சுற்றினாலும் அருமையாகப் பாடும். சிகாகோ போகும் நெடுஞ்சாலையில், மேலே திறந்த வானம், பக்கத்தில் ஒரு மரம்கூட இல்லை, அங்கேதான் நின்று நின்று போகும். தலைகீழாக இருக்கிறதே என்று குழம்பினேன். பெரிய நகரங்களில் தரையிலும் மறுஒளிபரப்புக் கோபுரங்கள் உண்டு. அவற்றின் சிக்னல் பலமானது, நொண்டி ஆன்டெனாகூடப் பிடித்துவிடும். ஊர் தாண்டி செயற்கைக்கோளை மட்டும் நம்ப வேண்டி வரும்போதுதான் குட்டு வெளிப்படும். ஆகவே நகரத்தில் கேட்டு நெடுஞ்சாலையில் அறுந்தால் ஆன்டெனாவைச் சந்தேகியுங்கள்.

கூரையில் சுறாத் துடுப்பு போல நிற்பதுதான் ஆன்டெனா. எங்களுடையதில் அடியில் இருந்த ரப்பர் வெடித்து மழைநீர் இறங்கியிருந்தது. கனெக்டரைக் கழற்றினால் நடு ஊசியைச் சுற்றிப் பச்சையாகக் களிம்பு, பழைய பித்தளைச் சொம்பில் பூத்ததைப் போல. களிம்பு லேசாக இருந்தால் எலெக்ட்ரிக்கல் கான்டாக்ட் ஸ்ப்ரே அடித்துத் துடைத்து, உலர விட்டு, 'டிக்' என்று சத்தம் வரும்வரை அழுத்தி மாட்டுங்கள். ஊசி தேய்ந்திருந்தால் ஆன்டெனாவை மாற்றுவதே நல்லது. எங்களுடையதை மாற்றினோம், புது ரப்பரோடு வந்தது.

ரேடியோவின் பின்பக்கம் தேடுபவர்களுக்கு ஒரு குறிப்பு. பல கார்களில் சாட்டிலைட் ரேடியோ கனெக்டர் மசாலாத்தூள் மஞ்சளில் இருக்கும், நீல நிறத்தில் இருப்பது ஜி.பி.எஸ். கனெக்டர். பழுப்பு மஞ்சளைப் பார்த்தால் அதுதான்.

ஆன்டெனாவின் அடிப்பகுதியை எட்டக் கூரையின் உள்துணியை இறக்க வேண்டும். தயவுசெய்து நீங்களே ஓரங்களைப் பிடித்து இழுக்காதீர்கள். பல கார்களில் பக்கவாட்டு ஏர்பேக் அங்கேதான் மடித்து வைக்கப்பட்டிருக்கும். அந்த வேலையை மட்டும் தெரிந்தவரிடம் கொடுங்கள். நீங்கள் பார்த்ததையெல்லாம் அவரிடம் சொன்னால் பாதி வேலை முடிந்தது.

தனியாக வாங்கி மாட்டிய காந்த ஆன்டெனா என்றால் இன்னும் எளிது. கண்ணாடிக்குள்ளோ டேஷ்போர்டிலோ வைக்காமல் கூரை மேல் வையுங்கள், ஓரத்திலிருந்து ஒரு சாண் உள்ளே தள்ளி. கீழே உள்ள தகடு சிக்னல் பிடிக்க உதவுகிறது. வயர் கதவு இடுக்கில் நசுங்குகிறதா என்று தடவிப் பாருங்கள்; வெளியே தெரியாமல் உள்ளே கம்பி அறுந்திருக்கும். மலிவான டேஷ்கேம், யு.எஸ்.பி. சார்ஜர் இரண்டையும் பிடுங்கிவிட்டு ஒருமுறை கேட்டுப் பாருங்கள். அவற்றின் இரைச்சலும் சிக்னலைக் கெடுக்கக்கூடும்.

எதைச் சரிசெய்தாலும் சோதனையை நகரத்துக்குள் செய்யாதீர்கள். ஊருக்கு வெளியே அரைமணி நேரம் ஓட்டிப் பார்த்து, பாட்டு அறாமல் வந்த பிறகே பட்டறைக்காரரிடம் கணக்கை முடியுங்கள்.