நிலக்கீழ் அறைக்குத் தக்கைத் தரை: தெரிவும் வேலையும்

ரொறன்ரோவைச் சுற்றியுள்ள வீடுகளில், பேஸ்மென்ற் என்று நாம் சொல்லும் நிலக்கீழ் அறையின் தரை பெரும்பாலும் வெறும் கொங்கிறீற்றாகவே இருக்கும். தை மாதத்தில் அதன்மேல் வெறுங்காலை வைத்தால் குளிர் முழங்கால்வரை ஏறும். கம்பளம் போட்டால் அது ஈரத்தைப் பிடித்து நாளடைவில் மணக்கத் தொடங்கிவிடும். ஓடு பதித்தால் குளிர் குறையாது. பாய் விரித்து உட்காருகிற, பிள்ளைகளைத் தரையிலேயே விளையாடவிடுகிற வீடுகளுக்குத் தக்கையைவிட இதமான தரை வேறில்லை என்பது என் உறுதியான எண்ணம். ஆனால், தக்கைப் பலகையைக் கையில் எடுப்பதற்கு முன்னரே பாதி வேலை முடிந்திருக்க வேண்டும். அந்தப் பாதியை விட்டவர்களே பின்னர் தக்கையைக் குறை சொல்கிறார்கள்.

தக்கை என்பது ஒரு வகை ஓக் மரத்தின் பட்டை. உலகில் கிடைக்கும் தக்கையில் ஏறத்தாழப் பாதி போர்த்துக்கல் நாட்டிலிருந்து வருகிறது. மரத்திற்கு 25 வயதளவில் முதன்முறை பட்டை உரிப்பார்கள். அதன்பின் குறைந்தது 9 ஆண்டுகளுக்கு அதைத் தொடமாட்டார்கள். உரித்த ஆண்டின் கடைசி இலக்கத்தை அடிமரத்தில் சாயத்தால் எழுதிவிடுவதால், 2024இல் உரித்த மரத்தில் 4 என்று இருக்கும். அடுத்த முறை 2033இல்தான். போத்தல் மூடிகளை வெட்டியெடுத்தபின் எஞ்சும் பட்டையை அரைத்து, பசை சேர்த்து, அழுத்தித்தான் தரைப் பலகை செய்கிறார்கள். பட்டை முழுவதும் காற்றடைத்த நுண்ணறைகளாக இருப்பதால்தான் அது வெப்பத்தைக் காலிலிருந்து உறிஞ்சுவதில்லை, மிதித்தால் சற்று அமிழ்ந்து மீள்கிறது, மேலே நடக்கும் சத்தத்தையும் குறைக்கிறது.

கடைகளில் இரண்டு வகை கிடைக்கும். ஒன்று, 4 முதல் 6 மில்லிமீற்றர் தடிப்பில், முழுவதும் தக்கையாலான, பசையிட்டு ஒட்டும் சதுரங்கள். மற்றையது, 10 முதல் 12 மில்லிமீற்றர் தடிப்பில், தரையில் ஒட்டாமல் ஒன்றோடொன்று கொளுவிப் பூட்டும் மிதவைப் பலகைகள். மிதவைப் பலகையின் மேலும் கீழும் தக்கை இருந்தாலும் நடுவில் இருப்பது பெரும்பாலும் மரத்தூளை அழுத்திச் செய்த பலகை. தண்ணீர் பட்டால் தக்கையைவிட முதலில் ஊதுவது அந்த நடுப்பகுதிதான். ஆகவே, வாங்கும்போது மேற்பரப்பின் அழகை மட்டும் பார்க்காமல் மாதிரித் துண்டின் ஓரத்தைத் திருப்பிப் பாருங்கள். மேல் தக்கை குறைந்தது 2.5 மில்லிமீற்றராவது இருக்க வேண்டும். நகத்தால் அழுத்தினால் குழி சிறிது நேரத்தில் மீள வேண்டும். ஓரத்தைத் தேய்த்தால் மணிமணியாக உதிரக் கூடாது. சில பலகைகளில் தக்கையின் மேல் மரம்போன்ற படத்தை அச்சிட்டு வினைல் பூசியிருப்பார்கள். அவை மோசமானவை அல்ல, ஆயினும் தக்கையின் இதம் காலுக்குக் குறைவாகவே தெரியும்.

நிலக்கீழ் அறைக்கு மிதவைப் பலகையையே நான் பரிந்துரைப்பேன், ஏனெனில் அதற்கும் கொங்கிறீற்றுக்கும் நடுவே ஈரத் தடுப்புத் தாளை விரிக்க முடியும். ஒட்டும் சதுரங்கள் காய்ந்த மேல்மாடி அறைகளுக்கே ஏற்றவை.

இனி ஈரம். கொங்கிறீற் கண்ணுக்குக் காய்ந்ததாகத் தெரிந்தாலும், மண்ணிலிருந்து நீராவி அதன் ஊடாக ஏறிக்கொண்டே இருக்கும். இரண்டடிச் சதுரமான தெளிந்த பொலித்தீன் தாளை நான்கு ஓரங்களிலும் இடைவெளியின்றித் தரையில் ஒட்டி, இரண்டு அல்லது மூன்று நாள்கள் அப்படியே விடுங்கள். உரிக்கும்போது தாளின் அடியில் நீர்த்துளிகள் கோத்திருந்தாலோ, அதன் கீழ் இருந்த கொங்கிறீற் சுற்றியிருப்பதைவிடக் கறுத்திருந்தாலோ, பலகை வாங்கும் எண்ணத்தைத் தள்ளிவைத்துவிட்டு ஈரம் எங்கிருந்து வருகிறது என்று தேடுங்கள். பல வீடுகளில் காரணம் வெளியில் இருக்கும்: கூரை நீர்க் குழாய் சுவரடியிலேயே கொட்டுவது, முற்றத்து மண் வீட்டை நோக்கிச் சரிந்திருப்பது. இந்தச் சோதனையை ஒரே இடத்தில் செய்யாமல், வெளிச்சுவர் ஓரத்திலும் நடுவிலும் செய்ய வேண்டும். முடிந்தால் பனி உருகும் பங்குனி, சித்திரையில் செய்யுங்கள். எங்கள் உறவினர் ஒருவர் உலர்ந்த மாசி மாதத்தில் தரையைத் தடவிப் பார்த்ததோடு நின்றுவிட்டார். ஆடி வந்தபோது சுவரோரப் பலகைகளின் பொருத்துகள் விரலில் தட்டுப்படும் அளவுக்கு எழுந்திருந்தன. அவற்றைத் திருத்த வழியில்லை, கழற்றி எறியத்தான் முடிந்தது.

1980களுக்கு முற்பட்ட வீடுகளில் ஒன்பது அங்குலச் சதுர ஓடுகள் ஏற்கெனவே ஒட்டியிருந்தால், அவற்றிலும் அடியிலுள்ள கறுப்புப் பசையிலும் அஸ்பெஸ்ரஸ் இருக்கக்கூடும். அவற்றை உடைக்கவோ சுரண்டவோ தேய்க்கவோ வேண்டாம். ஆய்வுகூடத்தில் பரிசோதித்து அறியும்வரை தொடாமல் விடுவதே பாதுகாப்பு.

தரை காய்ந்திருக்கிறது என்று உறுதியானபின் மட்டம் பாருங்கள். பத்தடி நீளமான நேரான சட்டத்தைத் தரையில் வைத்தால் அதன் அடியில் 3 மில்லிமீற்றருக்கு மேல் இடைவெளி தெரியக் கூடாது. பள்ளத்தைச் சமன்படுத்தும் சீமெந்துக் கலவையால் நிரப்பி, அதன் பையில் சொல்லியிருக்கும் காலம் முழுவதும் காயவிடுங்கள்; மேட்டைத் தேய்த்தெடுங்கள், தூசுக்கு முகக்கவசம் அவசியம். பள்ளத்தின் மேல் மிதக்கும் பலகை ஒவ்வொரு முறை மிதிக்கும்போதும் வளைந்து, கடைசியில் பூட்டு உடையும்.

பலகைப் பெட்டிகளை அதே அறையில் குறைந்தது 48 மணித்தியாலம் வைத்திருக்க வேண்டும். வெப்பநிலையும் ஈரப்பதனும் நீங்கள் அன்றாடம் வாழும் அளவில் இருக்கட்டும். ஈரப்பதன் 35 முதல் 65 சதவீதத்திற்குள் இருப்பது நல்லது. இங்கே மாரியில் சூடாக்கியின் காற்று அறையை உலர்த்திவிடும், கோடையில் அதே அறை ஈரலிப்பாகிவிடும். தக்கையும் அதற்கேற்பச் சுருங்கி விரியும். அதனால்தான் சுவர்களைச் சுற்றியும், குழாய்கள், தூண்கள், கதவு நிலைகள் ஆகியவற்றைச் சுற்றியும் அரை அங்குல இடைவெளி கட்டாயம். ஒரேயோர் இடத்தில் பலகை சுவரை முட்டினாலும் கோடையில் அறையின் நடுப்பகுதி மேடாகிவிடும். இடைவெளியைப் பின்னர் சுவரடிச் சட்டம் மறைத்துவிடும். ஆனால் அந்தச் சட்டத்தைச் சுவரில்தான் அறைய வேண்டும், தரையில் அல்ல.

இடும் நாளில் முதலில் 6 மில் (மில் என்பது ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்கு, மில்லிமீற்றர் அல்ல) தடிப்புள்ள பொலித்தீன் தாளை, ஒன்றன்மேல் ஒன்று எட்டு அங்குலம் ஏறும்படி விரித்து, பொருத்துகளை நாடாவால் ஒட்டி, சுவரில் இரண்டு அங்குலம் ஏற்றிவிடுங்கள். அதன்மேல் வேறு நுரைத்தாள் வேண்டாம். பலகையின் அடித்தக்கையே போதும், மேலதிக மென்மை பூட்டுகளைத் தளரச் செய்யும். தரை வடிகாலை மூடிவிடாதீர்கள்.

பின்னர் அறையின் அகலத்தைப் பலகையின் அகலத்தால் வகுத்துக் கணக்குப் பாருங்கள். கடைசி வரிசை இரண்டு அங்குலத்துக்கும் குறையுமென்றால், முதல் வரிசையின் பலகைகளையே ஒடுக்கமாக வெட்டித் தொடங்க வேண்டும். தக்கையின் நிறம் பெட்டிக்குப் பெட்டி மாறும். ஆகவே மூன்று, நான்கு பெட்டிகளைத் திறந்து கலந்து எடுங்கள், இல்லாவிடில் அறையின் நடுவே ஒரு கோடு போட்டதுபோல் நிறம் பிரிந்து தெரியும். நீளமான நேர்ச்சுவரில் நூல் பிடித்து, சுவருக்கும் பலகைக்கும் நடுவே அரை அங்குல ஆப்புகளை வைத்து முதல் வரிசையை இடுங்கள். சுவர் வளைந்திருந்தாலும் வரிசை நூலுக்குத்தான் நேராக இருக்க வேண்டும். அடுத்தடுத்த வரிசைகளில் குறுக்குப் பொருத்துகள் குறைந்தது எட்டு அங்குலம் விலகியிருக்கட்டும். பலகையைச் சாய்த்துப் பிடித்து, அதன் ஓரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் நாக்கை முன் வரிசைப் பலகையின் ஓரப் பள்ளத்தில் செருகி, கீழே அமர்த்தினால் பூட்டிக்கொள்ளும். பூட்டாவிட்டால் நேரே சுத்தியலால் அடிக்காமல், தட்டுக்கட்டையை வைத்து மெல்லத் தட்டுங்கள். பெரும்பாலும் பள்ளத்துக்குள் ஒரு தூள் சிக்கியிருக்கும், துடைத்தால் சரியாகிவிடும். வெட்டுவதற்கு நுண்பல் வாள் வேண்டும். கதவு நிலையைச் சுற்றிப் பலகையைக் குடைவதற்குப் பதிலாக, ஒரு துண்டுப் பலகையைத் தரையில் வைத்து, அந்த உயரத்தில் நிலையின் அடியை அறுத்து, பலகையை அதன் கீழே செலுத்துங்கள். வேலை மிகவும் துப்புரவாக இருக்கும்.

எங்கள் வீடுகளின் நிலக்கீழ் அறைகளில் பெரிய உறைகுளிர்ப் பெட்டியும் அரிசி மூட்டைகளும் இருப்பது வழக்கம். அத்தகைய பாரம் ஒரு மூலையை அமுக்கிப் பிடித்தால் மிதவைத் தரை அங்கே அசைய முடியாமல், மறுபக்கத்தில் பொருத்து விலகலாம். அவற்றுக்குரிய இடத்தைத் தக்கையிடாமல் ஒதுக்கி, எல்லையில் இணைப்புச் சட்டம் வைப்பதையே நான் விரும்புகிறேன்.

வாசலில் காலணியைக் கழற்றும் நம் பழக்கம் தக்கைக்குப் பெரும் பாதுகாப்பு. மணல்தான் அதன் மேற்பூச்சை உரசித் தேய்ப்பது. கதிரை, மேசைக் கால்களுக்குக் கம்பளித் துண்டு ஒட்டுங்கள். றப்பர் அடியுள்ள விரிப்புகள் நிரந்தரக் கறை விடும், அவற்றைத் தவிருங்கள். யன்னல் வெயில் நாள்முழுதும் படும் இடத்தில் நிறம் மங்கும், திரை போடுங்கள். துடைக்கும்போது துணியை நன்றாகப் பிழிந்தே துடைக்க வேண்டும். நீராவித் துடைப்பான் ஒருபோதும் கூடாது. மிஞ்சிய பலகைகளில் நான்கைந்தை மாடிப்படியின் கீழே படுக்கையாக அடுக்கிவையுங்கள்: அதே நிறத்தில் பின்னர் கிடைக்காது.