பயந்த சுபாவம் உள்ளவர் செந்தோசா ஹாலோவீன் இரவுக்குப் போனால்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

அக்டோபர் பிறந்தால் சிங்கப்பூரில் ஒரு கூட்டம் தீபாவளிச் சாமான் வாங்க லிட்டில் இந்தியாவில் அலைகிறது. இன்னொரு கூட்டம் காசு கொடுத்து அலறுவதற்காக ராத்திரி செந்தோசாத் தீவுக்குப் போகிறது. அந்த இரண்டாவது கூட்டத்தில் தாமாக விரும்பி வராதவர்களும் நிறைய உண்டு. அலுவலகத்தில் எல்லாருக்கும் சேர்த்து டிக்கெட் எடுத்திருப்பார்கள், தங்கை அடம்பிடித்திருப்பாள், தேசிய சேவையில் (கட்டாய ராணுவப் பணியில்) பழகிய நண்பர்கள் ஒன்றுகூட அந்த இடத்தையே தேர்ந்தெடுத்திருப்பார்கள். “வரல”ன்னு சொல்ல வாய் வராமல் கிளம்பியவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

செந்தோசாவில் உள்ள கேளிக்கைப் பூங்காவான யுனிவர்சல் ஸ்டூடியோஸ் சிங்கப்பூரின் ‘ஹாலோவீன் ஹாரர் நைட்ஸ்’ 2011-ல் தொடங்கியது. கொரோனா காலத்தில் நின்றுபோய் 2022-ல் திரும்பி வந்தது. செப்டம்பர் கடைசியிலிருந்து நவம்பர் தொடக்கம் வரை, குறிப்பிட்ட இரவுகளில் மட்டும் நடக்கும். இதற்குத் தனி டிக்கெட் உண்டு, பகல் டிக்கெட் செல்லாது. உள்ளே மூன்று விதமான விஷயங்கள் இருக்கும். வரிசையில் நின்று நடந்து கடக்கும் பேய் வீடுகள், திறந்தவெளியில் வேடமிட்ட நடிகர்கள் உலவும் பகுதிகள், உட்கார்ந்தோ நின்றோ பார்க்கும் மேடைக் காட்சிகள். மூன்றும் ஒரே அளவு பயங்கரம் என்று நினைத்துக்கொள்வதில்தான் முதல் தவறே ஆரம்பிக்கிறது. பயந்தவர்கள் மேடைக் காட்சியை நம்பிப் போகலாம். அங்கே பெரும்பாலும் ஆட்டமும் பாட்டும்தான்.

‘எனக்குப் பேய் நம்பிக்கை இல்லை, அதனால் பயமில்லை’

இப்படிச் சொல்லிக்கொண்டு உள்ளே போகிறவர்தான் முதலில் அலறுவார். காரணம் எளிது. அந்த வீடுகள் உங்கள் நம்பிக்கையோடு மோதுவதே இல்லை, உங்கள் அனிச்சைச் செயலோடுதான் மோதுகின்றன. காதருகே திடீரென்று பெரிய சத்தம் கேட்டால் கண் மூடும், தோள் தூக்கும், கழுத்து உள்ளே இழுத்துக்கொள்ளும். மூளைத்தண்டு மட்டத்தில் ஒரு நொடிக்குள் நடந்து முடிகிற வேலை இது. “இவர் சம்பளத்துக்கு நடிக்கிறவர்” என்று மூளை யோசித்து முடிப்பதற்குள் நீங்கள் குதித்து இறங்கியிருப்பீர்கள். பகுத்தறிவாளரும் குதிப்பார், பூசாரியும் குதிப்பார்.

இருட்டில் மனிதர்களுக்கு இந்தத் திடுக்கிடல் கூடும் என்பது ஆய்வுக்கூடத்தில் கண்ணிமைத் தசையின் துடிப்பை அளந்து கண்டறிந்த விஷயம். ஏதோ கெட்டது வரப்போகிறது என்ற எதிர்பார்ப்பும் அதைக் கூட்டும். பேய் வீடு கட்டுகிறவர்கள் இந்த இரண்டையும் வைத்துத்தான் பிழைக்கிறார்கள். நமக்குச் சாதகமான செய்தியும் ஒன்று உண்டு. ஒரே மாதிரி அதிர்ச்சி திரும்பத் திரும்ப வந்தால் உடம்பு பழகிக்கொண்டு துள்ளலைக் குறைத்துவிடும். முதல் வீட்டில் செத்துப் பிழைத்தவர் மூன்றாவது வீட்டில் சிரிப்பது இதனால்தான். அதனால் இருப்பதிலேயே சாதுவான வீட்டை முதலில் வையுங்கள். “பெரியதை முதலில் முடிச்சிருவோம்” என்று நண்பர்கள் சொன்னால் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம்.

உங்களை உண்மையில் படுத்துவது எது, திடீர்ச் சத்தமா, ரத்தக் காட்சியா என்று முன்கூட்டியே தெரிந்துகொள்வது நல்லது. அதற்கு ஒரு வழி, பகல் வேளையில் ஹா பார் வில்லாவுக்குப் போய் வருவது. ஆவ் பூன் ஹாவ் 1937-ல் கட்டிய அந்தத் தோட்டத்தில் சீனர் நம்பிக்கையில் வரும் நரகத்தின் பத்து நீதிமன்றங்களைச் சிலை சிலையாக வைத்திருக்கிறார்கள். நாக்கை அறுப்பது, ஆளை இரண்டாகப் பிளப்பது எல்லாம் அதில் உண்டு. ஆனால் எதுவும் உங்கள் மேல் பாயாது. அங்கே வயிற்றைக் குமட்டினால் உங்கள் பிரச்சினை ரத்தம். சும்மா பார்த்துவிட்டு ஐஸ்கிரீம் சாப்பிட முடிந்தால் பிரச்சினை திடுக்கிடல் மட்டும்தான். இரண்டாவது ரகத்துக்குச் செந்தோசா அவ்வளவு மோசமில்லை.

‘எதுவும் தெரியாமல் போனால்தான் மஜா’

மஜா தைரியசாலிகளுக்கு. உங்களுக்கு முன்கூட்டியே தெரிவதுதான் மருந்து. நிகழ்ச்சி தொடங்கிய முதல் வாரத்திலேயே ஒவ்வொரு வீட்டையும் யாராவது சொல்லிவிடுவார்கள், காணொளியும் போட்டுவிடுவார்கள். அதனால் முதல் வாரத்தில் போகாதீர்கள். நாலு பேர் சொன்னதைக் கேட்டு, எந்த அறையில் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறார்கள் என்று மேலோட்டமாகத் தெரிந்துகொண்டு போங்கள். நண்பர்கள் கேலி செய்வார்கள், செய்யட்டும்.

வீட்டின் கதை என்ன என்பதையும் பாருங்கள். இங்கே பிறந்து வளர்ந்த நம் பிள்ளைகளுக்கு வெளிநாட்டு ஸோம்பி பொம்மை மாதிரிதான் தெரியும். அதே பிள்ளை, வாழைமரமும் ஃபிராஞ்சிபானிப் பூ வாசனையும் பொந்தியானாக் என்ற மலாய்ப் பெண்பேயும் என்று வந்துவிட்டால் வெலவெலத்துப் போவான். தேசிய சேவை முகாமில் ராத்திரி காவல் நிற்கும்போது கேட்ட கதைகள் அப்படி. ஊரிலிருந்து வேலைக்கு வந்தவருக்குப் பொந்தியானாக் யாரென்றே தெரியாது. அவருக்குப் புளியமரமும் கொலுசுச் சத்தமும் வேண்டும். ஆசியப் பேய்க் கதைகளை வைத்த வீடு இருந்தால், உங்கள் பாட்டி எந்த ஊர்க் கதை சொல்லி வளர்த்தார் என்பதை ஒரு நிமிடம் யோசித்துவிட்டு வரிசையில் நில்லுங்கள்.

கண்ணை மூடிக்கொண்டு நடப்பது

எல்லாரும் செய்கிற தவறு இது, இருப்பதிலேயே ஆபத்தானதும் இதுதான்.

வெளியே புழுக்கத்தில் வியர்த்து நின்றுவிட்டு உள்ளே நுழைந்ததும் குளிர்சாதனக் காற்று முகத்தில் அறையும். புகையின் லேசான இனிப்பு வாசனை. கறுப்புத் துணியை விலக்கினால் ஒரு குறுகலான நடை. முன்னால் போகிறவரின் முதுகுப்பை மட்டும், வெட்டி வெட்டி எரியும் விளக்கில் தெரிந்தும் மறைந்தும் போகும். இந்த இடத்தில் கண்ணை மூடினால் என்ன ஆகும்? காது இன்னும் கூர்மையாகிவிடும். எந்தச் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று புரியாமல் எல்லாமே தாக்குதலாகத் தெரியும். தடுக்கி விழுவது அதற்கு மேல்.

கண்ணைத் திறந்து வைத்து, சரியான இடத்தைப் பாருங்கள். பயமுறுத்துகிறவர்கள் பெரும்பாலும் கையாளும் உத்தி ஒன்றுதான், ஒரு பக்கம் கவனத்தை இழுத்து மறுபக்கத்திலிருந்து வருவது. வலப்பக்கம் விளக்குப் போட்டு ஒரு பிணத்தைத் தொங்கவிட்டிருந்தால் அது உங்களுக்கு வைத்த தூண்டில். ஆள் இடப்பக்கம் இருட்டுச் சன்னலில் இருப்பார். அறைக்குள் நுழையும்போதே ‘என்னை எங்கே பார்க்கச் சொல்கிறார்கள்?’ என்று கேட்டுக்கொண்டு அதற்கு எதிர்ப்பக்கம் பாருங்கள். திரையில் ஒரு பிளவு, சுவரில் ஒரு கறுப்புக் கட்டம், கதவுக்கும் நிலைக்கும் இடையே ஒரு சந்து. நாலு அறை இப்படிக் கண்டுபிடித்துவிட்டால் பயம் பாதி விளையாட்டாகிவிடும். இன்னொன்று: முன்னால் போனவர்கள் இப்போதுதான் அலறினார்கள் என்றால் அந்த நடிகர் மறைவிடத்துக்குத் திரும்பச் சில விநாடி ஆகும். அந்த இடைவெளியில் அவர்களை ஒட்டியே நடந்துவிடுங்கள்.

மூச்சைப் பிடித்துக்கொண்டு போவதும் வேண்டாம். கத்த வந்தால் கத்திவிடுங்கள். கத்தினால் மூச்சு வெளியே போய் உடம்பு சற்றுத் தளரும். அங்கே உங்கள் அலறலை யாரும் தனியாகக் கவனிக்கப் போவதில்லை.

வரிசையில் முதல் ஆளாகவும் போகாதீர்கள், கடைசி ஆளாகவும் நிற்காதீர்கள். முதல் ஆள் எல்லா அறையையும் திறந்து வைக்கிறார், கடைசி ஆளை முதுகுப்பக்கம் தொடர்ந்து வருவார்கள். நம்பிக்கையான இரண்டு பேருக்கு நடுவே நில்லுங்கள். நடிகர்கள் உங்களைத் தொடமாட்டார்கள், அது விதி. நீங்களும் அவர்களைத் தொடக்கூடாது. திடுக்கிட்டால் கை ஓங்கும் பழக்கம் உள்ளவர்கள் உண்டு. எதிரே நிற்பவர் ராத்திரி முழுக்க ரப்பர் முகமூடிக்குள் வியர்த்துக்கொண்டிருக்கும் ஒரு பகுதிநேர ஊழியராக இருக்கலாம். இரண்டு கையாலும் பையின் வாரைப் பிடித்துக்கொண்டு நடந்தால் அந்தக் கவலை இல்லை.

திறந்தவெளிதானே என்று அசட்டையாக இருப்பது

வீட்டை விட்டு வெளியே வந்ததும் ‘அப்பாடா’ என்று நின்று கைப்பேசியை எடுப்பார்கள். அப்போதுதான் புகைக்குள்ளிருந்து ஒருவர் பின்னால் வந்து நிற்பார். வெளிப்பகுதிகளில் நடிகர்கள் பயந்த முகத்தைத் தேடிப் பிடிக்கிறார்கள். பின்வாங்கினால் தொடர்வார்கள், ஓடினால் துரத்துவார்கள், “ப்ளீஸ், என்கிட்ட வராதீங்க” என்றால் இன்னும் இரண்டு பேரைக் கூட்டி வருவார்கள். அதற்குப் பதில் அவர் முகத்தைப் பார்த்து ஒரு தலையசைப்பு, லேசான சிரிப்பு, அப்புறம் நடை. பார்த்துவிட்ட ஆளிடம் அவர்களுக்கு வேலை இல்லை.

வரிசை, வயிறு, செருப்பு

கூட்டமான இரவுகளில் ஒரு வீட்டுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல்கூட நிற்க வேண்டியிருக்கும். சுவருக்கு அந்தப் பக்கம் அலறல் கேட்டுக்கொண்டே அவ்வளவு நேரம் நிற்பது பயந்தவருக்கு உள்ளே நடக்கிற சில நிமிடங்களைவிடக் கொடுமை. எதிர்பார்ப்பு திடுக்கிடலைக் கூட்டும் என்றேனே, அது அந்த வரிசையில்தான் வளர்கிறது. அதனால் வெள்ளி, சனி வேண்டாம். முடிந்தால் வரிசையில் நிற்கும் நேரத்தைக் குறைக்கும் எக்ஸ்பிரஸ் பாஸ் வாங்குங்கள். விலை கடிக்கும்தான், ஆனாலும் என்னைக் கேட்டால் பயந்தவர்கள் காசைச் செலவழிக்கத் தகுந்த இடம் அது ஒன்றுதான். நடுவே ஓய்வு என்று மம்மி சவாரியில் ஏறாதீர்கள். அதுவே இருட்டுக்குள் பாயும் ரோலர்கோஸ்டர்.

பதற்றத்தில் சாப்பிடாமல் போவது, தூக்கம் வரக்கூடாதென்று கோப்பி ஓ (பால் இல்லாத காப்பி) இரண்டு குடித்துவிட்டுப் போவது, இரண்டும் நெஞ்சுப் படபடப்பைக் கூட்டும். புரட்டாசி விரதம் இருப்பவர்கள் செந்தோசா ரயில் கிளம்பும் விவோசிட்டி கடைத்தொகுதியிலேயே சைவமாக ஏதாவது சாப்பிட்டுவிட்டு ஏறுவது நல்லது. உள்ளே தேடிக்கொண்டிருக்க நேரமிருக்காது. செருப்பு வேண்டாம், காலோடு பிடிக்கும் ஷூ போடுங்கள். வேடம், முகமூடி போட்டு வந்தால் விடமாட்டார்கள். ஆஸ்துமா இருந்தால் மருந்து கையில் இருக்கட்டும். வலிப்பு, இதய நோய் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் இந்த வீடுகளுக்குள் போகவே கூடாது. சின்னப் பிள்ளைகளைக் கூட்டிப் போகாதீர்கள், நிகழ்ச்சி அவர்களுக்கானது அல்ல.

வெட்கப்பட்டு வாயை மூடிக்கொண்டிருப்பது

“ஒண்ணும் ஆகாதுடா, வாடா” என்று கையைப் பிடித்து இழுப்பவர்களுடன் போனால் இரவு கெடும். எத்தனை வீடு போவீர்கள் என்று ரயிலில் ஏறும்போதே சொல்லிவிடுங்கள். “நான் ரெண்டு வீடு வருவேன். மீதிக்கு வெளியே பை பார்த்துக்கறேன்.” பை பார்த்துக்கொள்ள ஆள் கிடைத்தால் யாரும் ஆட்சேபிப்பதில்லை. வீட்டுக்குள் போன பிறகு முடியவில்லை என்றால் ஊழியரிடம் வெளியே போகவேண்டும் என்று சொல்லுங்கள். கடைசிக் கதவு வரை பல்லைக் கடித்துக்கொண்டு நடக்கத் தேவையில்லை. சந்தேகம் இருந்தால் நுழைவதற்கு முன்பே வாசலில் நிற்கும் ஊழியரிடம் கேட்டுக்கொள்ளலாம்.

திரும்பும் வழியையும் யோசித்து வையுங்கள். தீவுக்கான செந்தோசா எக்ஸ்பிரஸ் ரயில் நள்ளிரவு வரைதான், ஹார்பர்ஃபிரண்டிலிருந்து கிளம்பும் கடைசி ரயிலும் ஏறக்குறைய அந்த நேரத்தோடு போய்விடும். பன்னிரண்டு மணிக்கு மேல் டாக்சி மீட்டரில் 50 விழுக்காடு கூடுதல் கட்டணம் ஏறும். படபடப்பு அடங்கக் கொஞ்ச நேரம் ஆகும் என்பதால் வந்ததும் படுத்தால் தூக்கம் வராது. நாலு பேராகச் சேர்ந்து ஒரே டாக்சி பிடித்து, வழியில் விடிய விடியத் திறந்திருக்கும் ஏதாவது ஒரு புரோட்டாக் கடையில் இறங்கிவிடுங்கள். கோப்பி வேண்டாம், மைலோ சொல்லுங்கள்.